வியன்னா டாக்டர் சங்கத்தின் மேல் விழுந்த பழி

கை கழுவுங்கள் என்று சொன்ன ஒரு டாக்டரை மற்ற டாக்டர்கள் கேலி செய்தார்கள்; மருத்துவர் சங்கம் கூடி அவர் வாயை அடைத்தது; ஊரை விட்டே ஓடிய அவர் கடைசியில் மனநோய் விடுதியில் மாண்டார். இக்னாஸ் செம்மல்வைஸின் வரலாற்றை நம்மில் பலர் இப்படித்தான் கேட்டிருக்கிறோம். பேச்சுப் போட்டி மேடைகளுக்கு மிகவும் ஏற்ற கதை. மேதை ஒரு பக்கம், மூடர் கூட்டம் மறு பக்கம். கேட்பவர்களுக்குக் கோபம் வருகிறது, கை தட்டுகிறார்கள்.

அதே சங்கத்தைப் பற்றி இன்னொரு கதையும் உண்டு. 1886-ம் ஆண்டில் சிக்மண்ட் பிராய்டு என்னும் இளம் டாக்டர் அங்கே போய், ஹிஸ்டீரியா என்னும் நோய் ஆண்களுக்கும் வரும் என்று பேசினாராம். சபையோர் சிரித்தார்களாம். அன்றோடு அவர் அந்தப் பக்கமே தலைவைத்துப் படுக்கவில்லையாம். ஆக, ஒரே சங்கம் முப்பத்தாறு ஆண்டு இடைவெளியில் இரண்டு மேதைகளை விரட்டியடித்தது என்றாகிறது.

இந்த இரண்டு கதைகளையும் உரைகல்லில் வைத்துக் கொஞ்சம் உரசிப் பார்க்கலாம் என்பதே இக்கட்டுரையின் எண்ணம். சங்கத்துக்கு வக்கீலாக வருகிறேன் என்று எண்ணிவிடாதீர்கள். அச்சங்கத்தின் மேல் எனக்கும் குற்றச்சாட்டு உண்டு. ஆனால் செய்யாத குற்றத்தை ஒருவர் தலையில் கட்டினால், செய்த குற்றம் கண்ணில் படாமல் தப்பிவிடுகிறது. வியன்னாவில் நடந்தது அதுதான்.

முதலில் அந்தச் சங்கம் எப்படிப்பட்டது என்று தெரிந்துகொள்வோம். 1837-ல் அதற்கு அரசு அனுமதி கிடைத்தது. அனுமதி என்ற சொல்லைக் கவனியுங்கள். ஆஸ்திரியாவை அப்போது மெட்டர்னிக் ஆட்டிவைத்துக்கொண்டிருந்தார். நான்கு பேர் கூடிப் பேசினால் ஐந்தாவதாக ஓர் ஒற்றன் உட்கார்ந்திருப்பான் என்று மக்கள் அஞ்சிய காலம் அது. நோயைப் பற்றிப் பேசுவதற்குக்கூட அரசின் முத்திரை வேண்டியிருந்தது. துர்க்ஹைம், விரர், மால்ஃபாட்டி ஆகியோர் முன்னின்று சங்கத்தை அமைத்தார்கள். இசை மேதை பேத்தோவனுக்கு வைத்தியம் பார்த்த அந்த மால்ஃபாட்டிதான் முதல் தலைவர். அதே 1837-ல், டான்யூப் ஆற்றின் கீழ்ப்பகுதியில் உள்ள பெஸ்ட் நகரத்திலும் ஒரு மருத்துவர் சங்கம் பிறந்தது. அதைப் பிறகு சந்திப்போம்.

இத்தகைய சங்கம் என்ன செய்யும்? பல்கலைக்கழகம் பட்டம் கொடுக்கும். அரசு பதவியும் சம்பளமும் கொடுக்கும். மருத்துவர் சங்கத்திடம் கொடுப்பதற்கு இவை எதுவும் இல்லை. காது கொடுத்துக் கேட்பது ஒன்றுதான் அதன் வேலை. ஓர் உறுப்பினர் தம் நோயாளியை அழைத்து வந்து காட்டுவார். அல்லது அறுத்தெடுத்த ஓர் உறுப்பைத் தட்டில் வைத்துக் காட்டுவார். மற்றவர்கள் பார்ப்பார்கள், கேள்வி கேட்பார்கள், மறுப்பார்கள். யார் என்ன சொன்னார் என்பது குறிப்பேட்டில் ஏறும். 1844 முதல் சங்கத்துக்குச் சொந்தமாக ஓர் ஏடும் இருந்தது. பேராசிரியரும், தெருக்கோடியில் சொந்தமாக வைத்தியம் பார்க்கும் டாக்டரும் ஒரே அறையில் உட்கார்ந்து பேசக்கூடிய இடம் நகரத்தில் வேறு அதிகம் இல்லை.

இனி செம்மல்வைஸுக்கு வருவோம்.

வியன்னா பொது மருத்துவமனையில் இரண்டு பிரசவப் பிரிவுகள் இருந்தன. ஏழைப் பெண்களுக்கு அங்கே இலவசப் பிரசவம். 1840 முதல் ஒரு புதிய ஏற்பாடு வந்தது. முதற்பிரிவில் மருத்துவ மாணவர்கள் பயிற்சி பெற வேண்டும். இரண்டாம் பிரிவில் மருத்துவச்சிகள் பயிற்சி பெற வேண்டும். வருகிற பெண்களை முறை வைத்து, ஒரு நாள் இந்தப் பிரிவிலும் மறுநாள் அந்தப் பிரிவிலும் சேர்த்துக்கொண்டார்கள். விஞ்ஞானம் படிக்கும் மாணவர்களே, இந்த ஏற்பாட்டை நன்றாகக் கவனியுங்கள். யாரும் திட்டமிடாமலேயே அங்கே ஒரு பெரிய சோதனை நடந்துகொண்டிருந்தது. ஒரே ஊர், ஒரே கட்டடம், ஒரே வகைப் பெண்கள். பிரசவம் பார்க்கும் கைகள் மட்டும் வேறு.

1846-ம் ஆண்டின் கணக்கு இது. முதற்பிரிவில் 4,010 பிரசவங்கள்; இறந்த தாய்மார் 459 பேர். இரண்டாம் பிரிவில் 3,754 பிரசவங்கள். இறந்தவர்கள் 105 பேர். அதாவது மாணவர்களிடம் போன நூறு பேரில் பதினோரு பேருக்கு மேல் வீடு திரும்பவில்லை. மருத்துவச்சிகளிடம் போனவர்களில் மூவருக்கும் குறைவு. பிரசவ ஜுரம் என்று இந்த நோய்க்குப் பெயர். குழந்தை பிறந்த இரண்டொரு நாளில் குளிர் எடுக்கும்; காய்ச்சல் ஏறும்; வயிறு உப்பிக் கல்லாகும்; ஒரு வாரத்துக்குள் பலர் போய்விடுவார்கள்.

அந்த ஆண்டு ஜூலையில் முதற்பிரிவின் உதவியாளராகச் சேர்ந்த செம்மல்வைஸுக்கு வயது இருபத்தெட்டு. இந்த எண்களை அவர் விடாமல் துரத்தினார். காற்றில் பரவும் விஷம் என்றார்கள். இரண்டு பிரிவும் ஒரே காற்றைத்தானே சுவாசிக்கின்றன? நெரிசல் என்றார்கள், இரண்டாம் பிரிவில்தான் நெரிசல் அதிகம். பாதிரியார் மணியடித்துக்கொண்டு முதற்பிரிவு வழியாகப் போவதால் பெண்கள் பயந்து நோயுறுகிறார்கள் என்றுகூட ஒரு காரணம் சொல்லப்பட்டது. மணியை நிறுத்திப் பார்த்தார். பயனில்லை. பெண்களைப் படுக்கவைக்கும் முறையை மாற்றிப் பார்த்தார். அதிலும் பயனில்லை.

1847 மார்ச்சில் அவருடைய நண்பர் கொலெட்ச்கா இறந்தார். சவப் பரிசோதனை செய்யும்போது மாணவர் ஒருவரின் கத்தி அவர் விரலில் பட்டுவிட்டது. அந்தக் காயத்திலிருந்து விஷம் ஏறி மாண்டார். அவர் உடலைச் சோதித்த குறிப்பைப் படித்த செம்மல்வைஸுக்குத் தூக்கிவாரிப்போட்டது. பிரசவ ஜுரத்தில் இறந்த பெண்களின் உடலில் என்னென்ன கண்டார்களோ, அவையே ஓர் ஆணின் உடலிலும் இருந்தன! கத்தி கொலெட்ச்காவுக்குச் செய்ததை, மாணவர்களின் விரல்கள் தாய்மாருக்குச் செய்கின்றன என்று அவருக்கு விளங்கியது. மாணவர்கள் காலையில் பிணங்களை அறுத்துவிட்டு நேரே பிரசவ அறைக்கு வந்தார்கள். சோப்புப் போட்டுக் கழுவினாலும் விரலில் பிண வாடை நின்றது. மருத்துவச்சிகள் பிணத்தைத் தொடுவதில்லை.

மே மாத நடுவில் வாசலில் ஒரு கிண்ணம் வைக்கப்பட்டது. அதில் குளோரின் கலந்த சுண்ணாம்புக் கரைசல். இன்று கிணற்றில் போடுகிறோமே, சலவைத்தூள், ஏறக்குறைய அதேதான். வாடையைப் போக்கும் பொருள் விஷத்தையும் போக்கும் என்பது அவர் கணக்கு. நுண்ணுயிர்களைப் பற்றி அவருக்கு ஒன்றும் தெரியாது. குளோரின் அவற்றைக் கொல்கிறது என்பதும் தெரியாது. ஏப்ரலில் நூற்றுக்குப் பதினெட்டாக இருந்த சாவு, ஜூனில் இரண்டுக்குச் சற்று மேல் என்று இறங்கியது. 1848-ம் ஆண்டு முழுவதற்கும் சேர்த்து 3,556 பிரசவங்களில் 45 சாவுகள். இரண்டாம் பிரிவில் 3,219-க்கு 43. இரண்டு பிரிவும் சமமாகிவிட்டன.

இப்போது நம் கேள்விக்கு வருவோம். இந்தச் செய்தியைக் கேட்டு வியன்னா மருத்துவர் சங்கம் என்ன செய்தது?

உலகத்துக்கு இதை முதலில் அச்சில் சொன்னதே அச்சங்கத்தின் ஏடுதான். தோல் நோய் நிபுணர் ஹெப்ரா 1847 டிசம்பரில் அதில் எழுதினார். 1848 ஏப்ரலில் மீண்டும் எழுதினார். ஜென்னரின் அம்மைப்பால் முறைக்குப் பக்கத்தில் வைத்துப் பேசத் தகுந்த கண்டுபிடிப்பு என்று அவர் இதைப் போற்றினார். கேலி செய்பவர்கள் எழுதுகிற எழுத்தா இது?

எதிர்ப்பு வேறிடத்திலிருந்து வந்தது. முதற்பிரிவின் தலைவர் பேராசிரியர் கிளைன். தம் பிரிவில் நடந்த சாவுகளுக்குத் தம் மாணவர்களின் கையும், தம் கையுமே காரணம் என்பதை ஏற்பது எளிதா? ஸ்கோடா என்னும் புகழ்பெற்ற பேராசிரியர் 1849 ஜனவரியில், இதை விசாரிக்க ஒரு குழு அமைக்க வேண்டும் என்று மருத்துவப் பேராசிரியர் குழாத்தில் முன்மொழிந்தார். கிளைன் மறுப்புத் தெரிவிக்க, அமைச்சகம் அக்குழுவை நிறுத்திவிட்டது. மார்ச்சில் செம்மல்வைஸின் பதவிக்காலம் முடிந்தது, நீட்டிக்கப்படவில்லை. 1848-ல் புரட்சி எழுந்து அடங்கியிருந்த நேரம் அது. புதுமை பேசும் யாரையும் மேலிடம் சந்தேகத்தோடு பார்த்தது என்பதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். பதவியைப் பறித்தவர்கள் பேராசிரியரும் அரசும். சங்கத்துக்கு அதில் கையில்லை.

பதவி போன செம்மல்வைஸுக்கு மேடை கொடுத்தது யார்? அதே மருத்துவர் சங்கம். 1850 மே 15-ந் தேதி அவர் அங்கே பேசினார். தலைமை வகித்தவர் ரோகிடான்ஸ்கி. பிணப் பரிசோதனை மூலம் நோய்களை ஆராய்வதில் அன்றைய ஐரோப்பாவில் அவருக்கு நிகர் இல்லை. ஒரு கூட்டம் போதவில்லை. ஜூன் 18, ஜூலை 15 ஆகிய நாட்களிலும் விவாதம் தொடர்ந்தது. எதிர்த்துப் பேசியவர்கள் இருந்தார்கள். ஆதரித்துப் பேசியவர்களும் இருந்தார்கள்; அவர்களில் ஒருவரான கியாரி, கிளைனின் சொந்த மருமகன் என்பதைச் சுவைக்காகச் சொல்லிவைக்கிறேன். மூன்று மாலைப் பொழுதுகளை ஒரு கருத்துக்காக ஒதுக்கிய சங்கத்தை, வாயை அடைத்த சங்கம் என்று எப்படிச் சொல்வது?

சரி, அப்படியானால் தவறு எங்கே நேர்ந்தது?

செம்மல்வைஸ் பேசினார், எழுதவில்லை. தம் சொற்பொழிவை அச்சுக்குக் கொடுக்கவேயில்லை. ஏட்டில் வந்தது சுருக்கமான கூட்டக் குறிப்பு மட்டுமே. எழுதுவது என்றாலே தமக்குப் பிறவியிலேயே வெறுப்பு என்று அவரே பிற்காலத்தில் ஒப்புக்கொண்டிருக்கிறார். வாசகர்களில் பலருக்கு அவர் மேல் இதனால் அனுதாபம் பிறக்கலாம்! ஆனால் விளைவைப் பாருங்கள். வெளிநாட்டு டாக்டர்கள் அவர் கருத்தைப் பிறர் சொல்லித்தான் அறிந்தார்கள். பிணத்தின் விஷம் கையில் ஒட்டிக்கொண்டு வருகிறது, அவ்வளவுதான் அவர் சொன்னது என்று பலர் புரிந்துகொண்டார்கள். எங்கள் ஊரில் பிரசவம் பார்ப்பவர் பிணத்தைத் தொடுவதேயில்லை, ஆனாலும் ஜுரம் வருகிறதே என்று கேட்டுத் தள்ளிவிட்டார்கள்.

உண்மையில் அதற்கான விடை 1847 அக்டோபரிலேயே செம்மல்வைஸின் கையில் இருந்தது. கருப்பையில் புற்றுநோய் முற்றிச் சீழ் வடிந்த ஒரு பெண்ணைப் பிரசவத்துக்குச் சேர்த்திருந்தார்கள். டாக்டர்கள் அவளை முதலில் சோதித்துவிட்டு, சோப்பால் மட்டும் கை கழுவி, வரிசையில் இருந்த மற்றவர்களைச் சோதித்தார்கள். பன்னிரண்டு பேரில் பதினோரு பேர் இறந்தார்கள். உயிருள்ள உடலிலிருந்தும் இந்த விஷம் வரும் என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டுமா? அன்றிலிருந்து ஒவ்வொரு நோயாளிக்கும் நடுவில் குளோரின் கரைசலில் கை கழுவ வேண்டும் என்று அவர் விதித்தார். இந்தச் செய்தியை அவர் தம் கையாலேயே எழுதி வெளியிட்டிருந்தால், பாதி மறுப்புகள் பிறந்திருக்கவே மாட்டா.

சங்கத்தின் மேல் என் முதல் குற்றச்சாட்டு இங்கேதான். கேட்டது, நன்றாகவே கேட்டது, கேட்டபின் கலைந்துபோயிற்று. எழுதிக் கொடுங்கள், இல்லையேல் நாங்களே எழுதிக்கொள்கிறோம் என்று அவரைப் பிடித்து உட்கார்த்தி வைக்க அத்தனை பெரியவர்களில் ஒருவர் இல்லை. அரசு ஒரு குழுவைத் தடுத்தது என்றால், சங்கமே தன் உறுப்பினர்களைக் கொண்டு ஒரு கணக்கெடுப்பை நடத்தியிருக்கலாம். நகரம் முழுவதும் வீடுகளில் பிரசவம் பார்த்த டாக்டர்கள் அந்த அறையில் உட்கார்ந்திருந்தார்கள். குளோரின் கரைசலில் கை கழுவியபின் எத்தனை பேர் பிழைத்தார்கள், கழுவாமல் எத்தனை பேர் இறந்தார்கள் என்று ஓராண்டு குறித்து வையுங்கள் என ஒரு சுற்றறிக்கை அனுப்ப அமைச்சரின் அனுமதி தேவையா? பேச்சுத் திறமையாலும் மறுப்புத் திறமையாலும் தீராத ஒரு கேள்வியை எண்ணிப் பார்த்துத் தீர்த்திருக்கலாம்.

இரண்டாவது குற்றச்சாட்டு, அந்த அறையில் இல்லாதவர்களைப் பற்றியது. முதற்பிரிவு ஆபத்தானது என்பது வியன்னா ஏழைப் பெண்களுக்கு வெகுகாலமாகத் தெரியும். இன்று முதற்பிரிவின் முறை என்று அறிந்ததும் மண்டியிட்டுக் கைகூப்பி, என்னை வெளியே விட்டுவிடுங்கள் என்று அவர்கள் கெஞ்சியதைச் செம்மல்வைஸே எழுதியிருக்கிறார். வரும் வழியில் தெருவிலேயே பிள்ளை பெற்றுக்கொண்டு வந்தவர்களுக்கு ஜுரம் அரிதாகவே கண்டது. அதையும் அவர் கவனித்தார். புள்ளிவிவரம் படிக்காத பெண்கள் புள்ளிவிவரத்தின் முடிவை அறிந்திருந்தார்கள். பிணத்தைத் தொடாத மருத்துவச்சிகள் தங்கள் அனுபவத்தால் பாதிக் கேள்விக்கு விடை சொல்லியிருப்பார்கள். டாக்டர்கள் டாக்டர்களோடு மட்டும் பேசும் சபையில் இவர்களுக்கு இடம் ஏது?

இவ்விடத்தில் அமெரிக்காவின் பாஸ்டன் நகரை எட்டிப் பார்ப்பது பயன் தரும். அங்கும் மருத்துவ முன்னேற்றத்துக்காக உள்ளூர் டாக்டர்கள் நடத்திய ஒரு சிறு சங்கம் இருந்தது. அதில் ஆலிவர் வெண்டல் ஹோம்ஸ், பிரசவ ஜுரம் டாக்டர்களாலும் தாதிகளாலும் ஒருவரிடமிருந்து ஒருவருக்குக் கொண்டு செல்லப்படுகிறது என்று 1843-லேயே கட்டுரை படித்தார். வியன்னாவுக்கு நான்கு ஆண்டு முந்தி! அவரிடம் செம்மல்வைஸின் எண்கள் இல்லை. ஆனால் அவருக்கு எழுதத் தெரியும். படித்த கட்டுரையை அதே ஆண்டு அச்சிட்டார். பிலடெல்பியாவின் பெரிய பேராசிரியர்கள் அவரைத் தாக்கியபோது, 1855-ல் மீண்டும் அதை அச்சிட்டுப் பதில் சொன்னார். சங்கத்தில் பேசிய பேச்சு, அச்சில் ஏறியபின்தான் அட்லாண்டிக் கடலைக் கடக்கிறது.

வியன்னாவின் கதை வேறு விதமாக முடிந்தது. 1850 அக்டோபரில் செம்மல்வைஸுக்கு ஒரு சிறு ஆசிரியர் பதவி கிடைத்தது. பொம்மையை வைத்து மட்டுமே பிரசவம் கற்பிக்கலாம் என்று நிபந்தனை போட்டிருந்தார்கள். மனம் கசந்த அவர், தமக்காக வாதாடிய நண்பர்களிடம்கூடச் சொல்லிக்கொள்ளாமல் ஊரை விட்டுப் போனார். பெஸ்ட் நகரத்தில் 1851 முதல் 1857 வரை ஒரு சிறு பிரசவப் பிரிவை நடத்தினார். 933 பிரசவங்களில் எட்டே சாவுகள். அந்நகரத்து மருத்துவர் சங்கத்தில் 1858-ல் பேசினார். இம்முறை அதை அங்கேரிய மருத்துவ வார ஏட்டில் அச்சிடவும் செய்தார். அங்கேரி மொழியை ஐரோப்பாவில் எத்தனை டாக்டர்கள் படிப்பார்கள்? ஜெர்மன் மொழியில் அவருடைய பெரிய நூல் வர 1861 ஆயிற்று. அதற்குள் பதினான்கு ஆண்டுகள் ஓடிவிட்டன. நூலிலும் பாதிக்கு மேல் எதிரிகளோடு சண்டை.

1865 ஜூலைக் கடைசியில் மனநோயுற்ற அவரை வியன்னாவுக்கு அருகே டோப்ளிங்கில் இருந்த விடுதியில் சேர்த்தார்கள். அழைத்துப் போய்ச் சேர்த்தவர் யார் தெரியுமா? அவரை முதன்முதலில் புகழ்ந்து எழுதிய அதே ஹெப்ரா. இரண்டே வாரத்தில், ஆகஸ்டு 13-ல், காயத்தில் விஷம் ஏறி இறந்தார். கை கழுவச் சொன்னதற்காக அவரை அடைத்தார்கள் என்பது கட்டுக்கதை. பாஸ்டர் பிரசவ ஜுரத்துக்குக் காரணமான, மணிமாலை போன்ற நுண்ணுயிரைப் பாரிஸில் கரும்பலகையில் வரைந்து காட்டியது 1879-ல்.

பிராய்டின் கதையைச் சுருக்கமாகவே சொல்லிவிடலாம். ஏனெனில் அதில் உயிர்கள் போகவில்லை. 1886 அக்டோபர் 15-ல் அவர் பேசினார் என்பது உண்மை. பாரிஸில் சார்க்கோவிடம் சில மாதங்கள் பயின்று திரும்பியிருந்தார். தலைமை வகித்த பாம்பெர்கரும் பிறரும் தாம் சொன்னதை நம்பவில்லை என்று பிராய்டு 1925-ல் வெளியான தம் வரலாற்றில் எழுதினார். எல்லன்பெர்கர் என்னும் வரலாற்றாசிரியர் அன்றைய மருத்துவ ஏடுகளில் வந்த கூட்டச் செய்திகளைத் தேடி எடுத்துப் படித்து 1970-ல் ஒரு பெரிய நூல் வெளியிட்டார். அச்செய்திகளின்படி, ஆண்களுக்கு ஹிஸ்டீரியா வருவது சபையோருக்குத் தெரிந்த விஷயமே. பாம்பெர்கரின் குறை, இதில் புதிதாக ஒன்றும் இல்லையே என்பதுதான். பாரிஸ் நோயாளியைப் பற்றிப் பேசுவதை விட்டு இங்கே ஒருவரைக் காட்டுங்கள் என்றார் மைனெர்ட். சங்கத்தின் வழக்கமே அது. நவம்பர் 26-ல் பிராய்டு ஒரு நோயாளியை அழைத்து வந்து காட்டினார். அடுத்த மார்ச்சில் சங்கத்தின் உறுப்பினராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். 1931-ல் கௌரவ உறுப்பினரும் ஆனார். விரட்டியடித்த சங்கமா இது? புகழ்பெற்றவர்கள் தம் இளமையைப் பற்றி எழுதும்போது கூட்டத்தில் சிரிப்பொலி கொஞ்சம் உரக்கவே கேட்கும் போலும்.

நல்லதைக் கேட்டவுடன் பிடித்துக்கொண்ட மாலைப் பொழுதுகளும் அச்சங்கத்தில் உண்டு. 1884 அக்டோபர் 17-ல் கார்ல் கோலர் என்னும் இளம் டாக்டர், கோகெய்ன் சொட்டு மருந்தைக் கண்ணில் விட்டால் கண் மரத்துப்போகும், வலியில்லாமல் கத்தி வைக்கலாம் என்று அங்கே விளக்கினார். தவளையின் கண்ணில் தொடங்கித் தம் கண்ணிலேயே விட்டுப் பார்த்திருந்தார். விழித்திருக்கும் நோயாளியின் கண்ணை அறுப்பது எவ்வளவு கொடுமை என்று நினைத்துப் பாருங்கள்; அக்கொடுமைக்கு முடிவு பிறந்தது. சில மாதங்களில் உலகெங்கும் அது பரவியது. 1908 டிசம்பர் 18-ல் லாண்ட்ஸ்டைனர், இளம்பிள்ளை வாதத்தில் இறந்த ஒரு குழந்தையின் தண்டுவடத்திலிருந்து எடுத்த பொருளால் குரங்குகளுக்கு அந்நோயை வரவழைத்ததை அறிவித்ததும் இச்சங்கத்தில்தான். அது தொற்றுநோய் என்பது அதனால் உறுதியாயிற்று. சங்கத்தின் ஏடாக 1888-ல் தொடங்கிய வியன்னா மருத்துவ வார இதழில்தான் அதே லாண்ட்ஸ்டைனர் 1901-ல் இரத்தத்தை வகை பிரித்துக் காட்டினார்.

1893-ல் சங்கத்துக்குச் சொந்தக் கட்டடம் எழுந்தது. முயன்று கட்டியவர் அப்போதைய தலைவர், இரைப்பை அறுவையில் புகழ் பெற்ற பில்ரோத். இன்றும் அது பில்ரோத் இல்லம் என்றே வழங்குகிறது. இந்தப் பில்ரோத்தைப் பற்றி ஒன்று சொல்லாமல் போவது நேர்மையாகாது. மருத்துவக் கல்வியைப் பற்றி 1876-ல் அவர் வெளியிட்ட நூலில், கிழக்கிலிருந்து வந்த ஏழை யூத மாணவர்களை இழிவாக எழுதியிருந்தார். மாணவர்களிடையே அதனால் கலகம் மூண்டது. பிற்காலத்தில் அவர் மனம் மாறி, யூத வெறுப்பை எதிர்க்கும் அமைப்பில் சேர்ந்தார். ஆனால் நூல் நூலாகவே இருந்தது. கண்ணுக்கு மருந்து கண்ட கோலர் ஒரு யூதர். 1885-ல் ஒரு சக டாக்டர் ஆஸ்பத்திரியில் அவரை இனத்தைச் சொல்லி இழித்துப் பேச, அது வாள் சண்டையில் முடிந்தது. வியன்னாவில் அவருக்கு எதிர்காலம் இல்லாமல் போய், 1888-ல் நியூயார்க்கில் குடியேறினார்.

இந்த இடத்தில்தான் கட்டுக்கதைகள் மறைத்துவிட்ட குற்றத்துக்கு வருகிறோம்.

1938 மார்ச்சில் ஹிட்லரின் படைகள் ஆஸ்திரியாவுக்குள் நுழைந்தன. வியன்னாவில் அப்போது சுமார் 4,900 டாக்டர்கள் இருந்தார்கள். அவர்களில் சுமார் 3,200 பேர் யூதர்கள், அல்லது நாஜிச் சட்டப்படி யூதர்களாகக் கணக்கிடப்பட்டவர்கள். செப்டம்பர் இறுதியோடு அவர்களின் டாக்டர் உரிமை பறிபோனது. மருத்துவக் கல்லூரி ஆசிரியர்களில் பாதிக்கு மேல் வெளியேற்றப்பட்டார்கள். நூறாண்டு கண்ட சங்கம் கலைக்கப்பட்டு, அதனிடத்தில் யூதர் இல்லாத ஒரு புதிய அமைப்பு வந்தது. அரசு கலைத்தது, சங்கம் என்ன செய்யும் என்று நீங்கள் கேட்கலாம். நியாயம்தான். ஆனால் காலியான நாற்காலிகளுக்கு ஆட்கள் கிடைக்காமல் போகவில்லை. நேற்றுவரை பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர்கள் அவற்றில் போய் உட்கார்ந்தார்கள். ஏப்ரல் 6-ல் மருத்துவப் பிரிவின் புதிய தலைவர் பெர்ன்கோப், இனத்தைச் சுத்தமாக்குவது டாக்டரின் கடமை என்று பேசினார். அந்தப் பேச்சு அச்சாகி வந்தது எதில் தெரியுமா? இரத்த வகைகளை உலகுக்கு அறிவித்த அதே வார இதழில்.

மூன்று மாலைகள் விவாதித்தும் ஒரு பெரிய உண்மையைச் செயலாக்க முடியாமல் கலைந்த சங்கம், இப்போது விவாதமே இல்லாமல் கலைந்தது. 1886-ல் பிராய்டை அது விரட்டவில்லை. 1938 ஜூனில், எண்பத்திரண்டு வயதில், புற்றுநோயோடு அவர் லண்டனுக்குப் புறப்பட்டபோது, அவர் ஐம்பத்தோரு ஆண்டுகள் உறுப்பினராக இருந்த சங்கம் இல்லாமலாகிக்கொண்டிருந்தது. அவரைப் போல் வெளிநாடு போய்த் தப்ப முடியாத பல டாக்டர்கள் வதை முகாம்களில் மாண்டார்கள்.

போர் முடிந்ததும், 1945-ல், பழைய பெயரிலேயே சங்கம் மீண்டும் தொடங்கப்பட்டது. பில்ரோத் இல்லம் அப்படியே நின்றது. வெளிநாடுகளுக்குப் போன டாக்டர்களில் மிகச் சிலரே வியன்னாவுக்குத் திரும்பி வந்தார்கள்.